வீட்டில் மிச்சமான மருந்தை இல்லாதவர்களுக்குச் சேர்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் அவர் அறை பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்க மருந்து. மூன்று வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் தடுக்கும் செவலமர் மாத்திரை பிரிக்காத அட்டைகளாக, சோடியம் பைகார்பனேட், ரத்தக்கொதிப்பு மாத்திரை, பிரிட்ஜில் நான்கு இன்சுலின் பேனா, ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி இரண்டு. தம்பி உட்கார்ந்து பில்லை எல்லாம் கூட்டிப் பார்த்தான். பதினோராயிரம் ரூபாயைத் தாண்டியது.

டயாலிசிஸ் வார்டில் அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். மூன்று வேளை போட வேண்டிய அதே செவலமரை, காசு இல்லாமல் ஒரு வேளை மட்டும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம்தான் உடனே நினைவுக்கு வந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம், ஒரு நாள் வேலைதானே என்று நினைத்தேன்.

இரண்டரை மாதம் ஆனது. நான்கு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் மூன்றில் ஒரு பங்கு மருந்து தேதி முடிந்து வீணானது. கொடுக்க மனம் இருந்தும், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தும், வழி தெரியாததால் வீணானது. உங்கள் வீட்டு மருந்துக்கு அந்தக் கதி வர வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து அரிசி பருப்பு மாதிரி இல்லை. உங்களுக்கும் அதைச் சாப்பிடப்போகிறவருக்கும் நடுவில் ஒரு மருத்துவரோ மருந்தாளுநரோ நிற்க வேண்டும். அவரிடம் முதலில் போய்ச் சேர வேண்டியது பட்டியல். மருந்துப் பை அதற்கு அப்புறம்தான். நான் இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் அத்தனை அலைச்சல்.

1. முதல் வாரத்திலேயே பிரித்து வையுங்கள்

துக்க வீட்டில் மருந்துப் பையைத் தொட யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மருந்தின் ஆயுளிலிருந்துதான் போகிறது. வாங்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இன்னும் ஆறு மாதமாவது தேதி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. மூன்று மாதம் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு போனால், அது நோயாளி கைக்குப் போவதற்குள் காலாவதி ஆகிவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை.

தரையில் ஒரு பாய் விரித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், பிரிக்காத முழு அட்டைகளும் சீல் உடைக்காத பாட்டில்களும். மருந்தின் பெயர், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குக் கம்பெனி தரும் எண்), தயாரித்த மாதம், காலாவதி மாதம் நான்கும் தெளிவாகப் படிக்க வர வேண்டும். காலாவதி என்று மாதமும் வருடமும் மட்டும் அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும் என்று பொருள்.

இரண்டாவது, பாதி பயன்படுத்திய அட்டைகள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்ச் எண்ணும் தேதியும் பல அட்டைகளில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால், மீதி எட்டு மாத்திரையும் நல்லதாகவே இருந்தாலும் எவரும் வாங்க மாட்டார்கள். தேதி இருக்கும் பக்கம் மிச்சம் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். சில மருத்துவர்கள் அதைப் பார்த்து ஏற்பார்கள்.

மூன்றாவது குவியல், திறந்த டானிக், சொட்டு மருந்து, களிம்பு, அட்டையிலிருந்து எடுத்து வார டப்பாவில் போட்டு வைத்த உதிரி மாத்திரைகள், தேதி முடிந்தவை, நிறம் மாறியவை, ஈரம் பட்டவை. இவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இவற்றை என்ன செய்வது என்று எட்டாவதில் சொல்கிறேன்.

பிரிட்ஜ் மருந்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின், எரித்ரோபொயட்டின் போன்றவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் கரண்ட் எத்தனை மணி நேரம் போனது என்பதை வாங்குகிறவர் எப்படி நம்புவார்? சித்திரை வெயிலில் எங்கள் காரிமங்கலம் பக்கம் மின்வெட்டு வந்தால் பிரிட்ஜ் அலமாரி மாதிரிதான் இருக்கும். அப்பாவின் நான்கு பேனாவையும் ஒருவரும் ஏற்கவில்லை. அன்று மனம் கசந்தது. இன்று யோசித்தால், ஏற்காததே சரி. கெட்டுப்போன இன்சுலினும் பார்வைக்கு நல்லதாகவே தெரியலாம். போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்காது.

2. வாங்கிய கடைக்கு முதலில் போங்கள்

இது எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்த வழி. மருந்தைக் கொடுப்பதை விட, மருந்தைப் பணமாக மாற்றி அந்தப் பணத்தில் தேவைப்படுகிறவருக்குப் புது மருந்து வாங்கிக் கொடுப்பது பல நேரம் சுலபம், பாதுகாப்பும் கூட.

பிரிக்காத அட்டையைப் பில்லோடு கொண்டுபோனால், தொடர்ந்து வாங்கிய மெடிக்கலில் பலர் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இது கடைக்குக் கடை மாறும் வழக்கம். அதனால் சண்டை போடாமல் கேளுங்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: அட்டையில் இருக்கும் பேட்ச் எண்ணும் பில்லில் இருக்கும் பேட்ச் எண்ணும் பொருந்துகிறதா என்பது. பில் இல்லையென்றால், உங்கள் போன் எண்ணை வைத்து அவர்கள் கணினியில் தேடித் தரச் சொல்லுங்கள். பிரிட்ஜ் மருந்தைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள். வாங்கி நாட்கள் ஆக ஆகத் தயங்குவார்கள். முதல் வாரம் என்று சொல்வது இதற்காகவும்தான்.

நான் போனது ஐம்பது நாள் கழித்து. கடைசி மாதம் வாங்கிய சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு 2,340 ரூபாய் கொடுத்தார்கள். பத்து நாளில் போயிருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு வந்திருக்கும்.

அந்தப் பணத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்காமல், நோயாளியின் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மருந்தாக வாங்கிக் கொடுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகளாகத் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் மருந்து, அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் வேதிப் பெயரில் விற்கும் அதே மருந்து, மலிவாகக் கிடைக்கிறது. அப்பாவுக்கு ஒரு அட்டை வாங்கிய காசில் அங்கே கூடுதல் நாட்களுக்கு வாங்க முடியும். ஆனால் பிராண்ட் மாறும்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலிப்பு மாத்திரை, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் போடும் மாத்திரை என்றால் கேட்காமல் மாற்றவே கூடாது.

3. எதைக் கொடுக்கவே கூடாது

வலிக்கும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மார்பின், வலிக்குத் தோலில் ஒட்டும் பென்டனில் ஒட்டு, டிரமடால், டயஸெபாம், அல்பிரசோலம் எல்லாம் இதில் சேரும். இவற்றை எந்தப் பையிலும் போடாதீர்கள். மார்பின், பென்டனில் மிச்சமிருந்தால், கொடுத்த மருத்துவமனையிலேயே சீட்டோடு திருப்பி ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்து இருக்கிறது என்று வாட்ஸப் குழுவில் என் எண்ணைப் போட்டேன். அன்று இரவே ஒரு பையன் கூப்பிட்டான். பாட்டிக்கு வலி என்றான். டேபன்டடாலும் பிரிகாபலினும் மட்டும் இருந்தால் போதும், எத்தனை அட்டை இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். பாட்டியின் சீட்டை அனுப்பச் சொன்னேன். போனை வைத்துவிட்டான். இந்த இரண்டு மாத்திரையையும் போதைக்குப் பயன்படுத்தும் பழக்கம் நம் ஊர்களிலும் இளைஞர்களிடம் இருக்கிறது. பொதுக் குழுவில் மருந்துப் பட்டியல் போடாதீர்கள். போட்டோ போடவே போடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. மிச்சமான நான்கு மாத்திரையை வைத்து எவருக்கும் முழு சிகிச்சை நடக்காது. அரைகுறையாகப் போட்டால் கிருமிக்குத்தான் பலம். காசநோய் மருந்து மிச்சமிருந்தால் அது எந்த மையத்திலிருந்து வந்ததோ அங்கேயே கொடுங்கள். அது அரசு எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மருந்து.

அதே போல, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை அந்தப் பணியாளரிடமே சொல்லித் திருப்பிக் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கிராமங்களில் அம்லோடிபினுக்கும் மெட்பார்மினுக்கும் அவ்வளவாகத் தட்டுப்பாடு இல்லாததற்கு அது ஒரு காரணம். அரசுப் பட்டியலில் சுலபமாகக் கிடைக்காத, விலை கூடிய மருந்துக்குத்தான் மக்கள் தவிக்கிறார்கள். சிறுநீரகம், புற்றுநோய், இன்ஹேலர், நரம்புத் தளர்ச்சி, இப்படி. உங்கள் பையில் அப்படிப்பட்டது இருந்தால் அதற்காக அலைவது பயன் தரும்.

4. பட்டியல் எழுதுங்கள்

ஒரு முழுத் தாளில் கோடு போட்டு எழுதினால் போதும். மருந்தின் வேதிப் பெயர், பிராண்ட் பெயர், எத்தனை மில்லிகிராம், எண்ணிக்கை, பேட்ச் எண், காலாவதி மாதம், பில் எண், எங்கே வைத்திருந்தீர்கள் என்பது. வேதிப் பெயர் அட்டையில் பிராண்டுக்கு மேலேயோ கீழேயோ சிறிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையில் தேடுவதே அந்தப் பெயரை வைத்துத்தான்.

மில்லிகிராமில் கவனம் வேண்டும். 400-க்கும் 800-க்கும் அட்டை ஒரே மாதிரி இருக்கும். எண்ணிக்கையை மாத்திரைக் கணக்கில் எழுதுங்கள். “மூன்று அட்டை” என்று எழுதினால் பத்தா, பதினைந்தா என்று தெரியாது. ஆறு மாதத்துக்குள் முடியப்போவதை அடிக்கோடிடுங்கள். அவர்கள் உடனே முடிவு சொல்ல அது உதவும்.

எழுதியபின் வீட்டில் இன்னொருவரை வைத்து ஒரு முறை சரிபாருங்கள். நான் எழுதிய பட்டியலில் இரண்டு காலாவதி மாதம் தப்பாக இருந்தது. தம்பி கண்டுபிடித்தான். அது அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் மொத்தப் பையையும் சந்தேகித்திருப்பார்கள்.

5. யாரிடம் கேட்பது

முதலில், யாரிடம் கொடுக்கக் கூடாது. தெருவில் கஷ்டப்படும் ஒருவருக்கு நேராகக் கொடுக்காதீர்கள். கோயில், டீக்கடை, ரேஷன் கடை வாசலில் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பெட்டி வைக்காதீர்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் மருந்தை விற்பதைப் போலவே விநியோகிப்பதையும் தடுக்கிறது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமங்களுக்கு நேராக எடுத்துக்கொண்டு போகலாம் என்று என் தோழி ஒருத்தி ஆசைப்பட்டாள். அங்கே தேவை உண்மைதான். ஆனால் எந்த மாத்திரையை யார், எத்தனை நாள் போட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மருந்தை வைத்துவிட்டு வருவது உதவி ஆகாது. மலைக்குப் போகும் மருத்துவக் குழு இருந்தால் அவர்களிடம் பட்டியலைக் கொடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? எனக்குப் பயன்பட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

சிகிச்சை கொடுத்த மருத்துவர்தான் முதல் ஆள். அவருக்கு அந்த மருந்து தெரியும், அதே நோயோடு வரும் ஏழை நோயாளிகளையும் தெரியும். தன் நோயாளிக்கு மருத்துவர் தாமே மருந்து கொடுக்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. டயாலிசிஸ், கீமோ வார்டு என்றால் அங்கிருக்கும் மூத்த செவிலியரிடம் பட்டியலைக் காட்டுங்கள். யார் மருந்து வாங்க முடியாமல் வேளையைக் குறைக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் மருத்துவரிடம் சொல்லி, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. நான் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அப்பா இருந்த வார்டுக்குத் திரும்பிப் போக மனம் வராமல், கடைசியில்தான் போனேன்.

அடுத்தது சொந்த மருந்தகமும் மருந்தாளுநரும் உள்ள தொண்டு மருத்துவமனைகள். மிஷன் மருத்துவமனைகள், அறக்கட்டளை மருத்துவமனைகள், அரூர் வட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் பழங்குடி மக்களுக்காக இயங்கும் மருத்துவமனை போன்றவை. இங்கெல்லாம் திடுதிப்பென்று பையோடு போய் நிற்காதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனி மருந்துப் பட்டியலும் தனி விதியும் இருக்கும். பட்டியலை அனுப்பி, எது வேண்டும் என்று அவர்கள் குறித்துத் தந்த பிறகு அதை மட்டும் கொண்டுபோங்கள். அரூருக்கு அப்பால் பஸ் பிடித்துப் போய் வருவது ஒரு முழு நாள் வேலை.

அரசு மருத்துவமனைகள் மூன்றாவது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று கேட்டால் வாங்க மாட்டார்கள். அங்கே வரும் மருந்தில் பெரும்பகுதி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக, பரிசோதனையாகி, பேட்ச் வாரியாகப் பதிவாகி வருவது. வெளியிலிருந்து வந்த ஆறு அட்டையை அந்தப் பதிவேட்டில் சேர்க்க முடியாது. நான் இப்படி ஒரு ஜன்னலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, “இதெல்லாம் இங்கே வாங்குவதில்லைம்மா” என்று கேட்டுவிட்டு வந்தேன். தீராத நோயாளிகளின் வலியைக் கவனிக்கும் வலி நிவாரண ஆதரவுப் பிரிவில் கேளுங்கள். மாத்திரையை விட மற்ற பொருட்களுக்கு அங்கே வரவேற்பு அதிகம். அது ஏழாவதில் வரும்.

எங்காவது மறுத்தால் மனம் உடையாதீர்கள். மருந்து நன்கொடை பற்றிய உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே, ஒரு முறை நோயாளி கைக்குப் போன மருந்தை நன்கொடையாக ஏற்கக் கூடாது, வந்து சேரும்போது ஒரு வருடமாவது ஆயுள் இருக்க வேண்டும் என்கிறது. மறுப்பவர் அந்த விதியைப் பின்பற்றுகிறார். ஏற்கும் மருத்துவர் தன் பொறுப்பில், தன் கண்ணால் பார்த்து ஏற்கிறார். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பட்டியல் இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ், பில்களின் ஜெராக்ஸ். சீட்டில் நோயாளியின் போன் எண்ணையும் முகவரியையும் அடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஆதார் எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்டால் ஜெராக்ஸின் குறுக்கே “மருந்து ஒப்படைப்புக்கு மட்டும்” என்று எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். இறப்புச் சான்றிதழ் எங்கும் தேவைப்படவில்லை. வலி மருந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

ஒரு கடிதமும் வேண்டும். நான் மூன்று முறை திருத்தி எழுதியது கீழே இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

“பெறுநர்: மருத்துவ அலுவலர் அவர்கள், … மருத்துவமனை. ஐயா / அம்மா, என் தந்தையின் சிகிச்சைக்காக வாங்கி, அவர் காலமானதால் பயன்படாமல் போன மருந்துகளை, இணைப்பில் உள்ள பட்டியலின்படி (மொத்தம் … வகை, … எண்ணிக்கை) தங்கள் நோயாளிகளின் பயன்பாட்டுக்காக இலவசமாக ஒப்படைக்கிறேன். இவை பிரிக்கப்படாதவை. பட்டியலில் உள்ள பில் எண்களின்படி கடையில் வாங்கியவை. வீட்டில் வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருந்தோம். சோதித்துப் பார்த்து, தகுதியானதை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். இதற்காக எந்தத் தொகையும் பெறவில்லை.”

‘தகுதியானதை மட்டும்’ என்ற வரிதான் முக்கியம். அது இருந்தால் அவர்களுக்கு மறுக்கும் சுதந்திரம் இருக்கிறது. அதனாலேயே வாங்கிப் பார்க்க முன்வருகிறார்கள்.

வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்கொடையைப் பணமாகக் கொடுப்பதற்குத்தான் கழிவு உண்டு, பொருளாகக் கொடுப்பதற்கு இல்லை. பணமாகக் கொடுத்தாலும் ரொக்கத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கழிவு கிடையாது. வரிக் கழிவுக்கு ரசீது தருகிறேன், மருந்தைக் கொடுங்கள் என்று கேட்பவரிடம் விலகி இருங்கள்.

7. கொண்டுபோகும் நாள்

காலை ஓ.பி. நேரத்தில் போகாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு மேல், செவ்வாய் முதல் வியாழனுக்குள் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மாதத்தின் கடைசி நாட்களில் மருந்தகத்தில் இருப்புக் கணக்கு பார்ப்பார்கள், உங்களிடம் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.

அட்டைகளை மருந்து வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, பட்டியலின் வரிசை எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். பாட்டில்கள் தனிப் பையில். பங்குனி, சித்திரை, வைகாசியில் போனால் பஸ்ஸில் இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள். வண்டி டிக்கியில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பல மாத்திரைகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று போட்டிருக்கும். அந்த ஒரு மணி நேர வெயிலில் எல்லாம் வீண்.

மருந்து அல்லாத பொருட்களையும் அன்றே எடுத்துச் செல்லுங்கள். பிரிக்காத டயபர், சிறுநீர்ப் பை, கட்டுத் துணி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், வாக்கர், வீல் சேர், படுக்கைப் புண் வராமல் இருக்க வாங்கிய காற்று மெத்தை, நெபுலைசர். இவற்றுக்கு மருந்துக்குள்ள கெடுபிடி இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் மாத்திரையை விட டயபருக்குத்தான் அதிகம் செலவாகிறது என்று வீட்டுக்கு வரும் செவிலியர் சொன்னார். அப்பாவின் காற்று மெத்தையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்த அன்று மாலையே அது பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டரை மாத அலைச்சலில் எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு நாள்தான்.

எனக்கு ஆன செலவு: ஜெராக்ஸ் 54 ரூபாய், பஸ்ஸும் ஆட்டோவும் சேர்த்து 610, ரப்பர் பேண்ட், கவர் 40. வாங்குகிற இடத்தில் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ‘பதிவுக் கட்டணம்’ என்று கேட்டால் திரும்பி வாருங்கள். முறையாகச் செய்தால் பட்டியலுக்கு இரண்டு நாள், பதில் வர ஒரு வாரம் பத்து நாள், கொடுக்க ஒரு நாள். மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

8. யாரும் ஏற்காததை என்ன செய்வது

ஏரியிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். கொளுத்தாதீர்கள். முழு அட்டையாகக் குப்பையில் போடாதீர்கள். அதைப் பொறுக்கி எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், மிட்டாய் என்று எடுக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து எடுத்து, நசுக்காமல், ஈர மண்ணோடோ பழைய டீத்தூளோடோ கலந்து, மூடிய கவரில் கட்டுங்கள். காலாவதியான மருந்தும் ஊசியும் மற்ற குப்பையோடு சேராமல் தனியாகப் பிரிக்க வேண்டியவை. தூய்மைப் பணியாளரிடம் ‘மருந்து’ என்று சொல்லி, மற்ற குப்பையோடு கலக்காமல் கொடுங்கள். ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, டேப் ஒட்டிக் கொடுங்கள். அவர் கையில் குத்தக் கூடாது. இன்ஹேலரைத் துளைக்காதீர்கள்.

வலிக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மருந்துகளுக்கு மட்டும் விதி வேறு. பென்டனில், மார்பின், டிரமடால், டேபன்டடால், டயஸெபாம் உள்ளிட்ட 17 மருந்துகளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் கிடந்து யாராவது எடுத்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விலக்கு.

9. கொடுத்த பிறகு

கையெழுத்து வாங்கிய பட்டியலை, அதிலுள்ள கடைசி மருந்தின் காலாவதி மாதம் வரை பத்திரமாக வையுங்கள். தரமில்லை என்று கண்டுபிடித்த மருந்துகளின் பேட்ச் எண்களை அதே மத்திய அமைப்பு மாதா மாதம் வெளியிடுகிறது. உங்கள் பட்டியலிலுள்ள எண் அதில் வந்தால், கொடுத்த இடத்துக்கு அன்றே போன் செய்து சொல்லுங்கள். யாருக்குப் போனது என்று கேட்க வேண்டாம், சொல்லவும் மாட்டார்கள். நான் மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, போனில் அந்தப் பட்டியலைத் திறந்து நம் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பத்து நிமிடம் ஆகிறது. இன்னும் ஏழு மாதம் பார்க்க வேண்டியிருக்கிறது.